சிங்கப்பூருக்கு ஒரு சக்கர நாற்காலி

சிரிக்க ஒரு சங்கதி வைத்திருக்கிறேன். உடனே தர மாட்டேன். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் கோபப்படுங்கள், என் வாப்பா ஜமால் முகம்மது மேல்.

பழவேற்காடு கடைத்தெருவில் வலை நூல் விற்கிறவர். என் அக்கா பரீதாவுக்குச் சின்ன வயசிலேயே போலியோ. சக்கர நாற்காலிதான். அவளைக் கட்டிய முகைதீன் மச்சான் சிங்கப்பூர் போய் மூன்று வருஷமாகிறது. "கீழ்வீடா பாத்துட்டேன். வாசல்ல படியே இல்ல. வந்துரு பரீதா"னு கேசட்டில் பேசி அனுப்பியிருக்கிறார்.

போட்டுப் போட்டு அந்த கேசட் தேய்ந்து, அவர் குரல் இழுக்கிறது. சாயங்காலமானால் அக்கா என்னைக் கூப்பிடுவாள். "மச்சான் குரல்ல பேசுடி, ஜொஹரா." பேசுவேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

வாப்பாவோ அசைய மாட்டேன் என்கிறார். "மீஞ்சூர்ல ரயில் ஏத்தவே ரெண்டு பேர் தூக்கணும். பிளேன்ல எவன் ஏத்துவான்?"

'நான் ஏத்துவேன்' என்று சொல்ல ஓர் ஆபீசர் வேண்டும். அவ்வளவுதானே? எனக்கு எந்தக் குரலும் வரும்.

போஸ்ட் ஆபீஸில் டெலிபோன் பார்க்கிற இந்திராணி அக்கா எனக்குக் கூட்டு. வாப்பா கடைக்கு லைன் போட்டாள். "பாய், மெட்ராஸ் ட்ரங்க் கால்" என்று சொல்லி ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.

தொண்டையைக் கட்டையாக்கினேன். "மிஸ்டர் ஜமால் முகம்மது? ஏர்லைன்ஸ் ஆபீஸ். சம்பந்தம் பேசறேன். உங்க மருமகன் எழுதியிருந்தார். சக்கர நாற்காலியில வர்றவங்களை நாங்க தாராளமா ஏத்தறோம்."

"தெரியும் சார்."

தூக்கிவாரிப் போட்டது. விடுவேனா? "முன்கூட்டியே சொல்லிட்டா, படியில தூக்கிட்டுப் போக எங்க ஆளுங்க..."

"வருவாங்க. அவளை மொதல்ல ஏத்துவீங்க, கடைசியா எறக்குவீங்க. நாற்காலி சாமானோட கீழ போவும். ரெண்டு பக்கமும் பேர் எழுதிக் கட்டணும். கால் வைக்கிற பலகை கழண்டுக்கும், அதை நைலான் நூல்ல இறுக்கிடணும். கட்டிப் பாத்துட்டேன் சார், நிக்குது."

"நாற்காலி மெத்தை..."

"அதைக் கீழ போடக் கூடாது. கையோட எடுத்துப் போய் சீட்ல போட்டு அது மேலயே உக்காரணும். பாத்ரூம் பக்கத்து சீட்டா கேக்கணும். மாத்திரையெல்லாம் கைப்பையில. உங்க ஆபீஸ்ல சொன்னதுதானே சார்? நூல் வாங்கப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு ரெண்டு மூணு தபா வந்தேன். உங்களைப் பாக்கலியே?"

"நான்... லீவு."

இந்திராணி அக்கா மேஜைக்கு அடியில் போய்விட்டாள். நீங்கள் இன்னும் சிரிக்க வேண்டாம்.

"இவ்ளோ தெரிஞ்சும் ஏன் சார் பொண்ணை அனுப்பலை?" என்றேன், கட்டைக் குரலிலேயே.

லைன் கரகரத்தது.

"நீங்க யாரோ எவரோ, உங்ககிட்ட சொன்னா இன்னா சார். அவ நாற்காலி ஓட்டினா கிரீச்சுனு சத்தம் வரும். எண்ணெய் வுடச் சொல்லி தெருவே திட்டுது. நான்தான் வுடறதில்ல. கடை சாத்திட்டு வர்றப்போ தெரு முனையிலயே அது கேக்கும். என்னைப் பாக்க வாசலுக்கு வந்துனு இருப்பா. அவ அம்மா மவுத்தாகி எங்களை வுட்டுப் போனதுலேர்ந்து அப்படித்தான். அந்தச் சத்தம் இல்லேன்னா நான் எந்த வீட்டுக்கு சார் போவேன்? அதான், நாற்காலி மேல பழியப் போட்டுட்டேன்."

இந்திராணி அக்கா மேஜைக்கு அடியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. சம்பந்தம் சாரின் குரல் என் தொண்டையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

வாப்பா மூக்கை உறிஞ்சினார். "அது கெடக்கட்டும். இறால் கருவாடு கொண்டு போக வுடுவாங்களா சார்? பரீதாவுக்கு அதுன்னா உசுரு."

"அவளுக்கா? எனக்குல்ல உசுரு, வாப்பா!"

இதுதான் நான் சொன்ன சிரிப்பு.



"ஜொஹரா?"

"வாப்பா..."

"வீட்டுக்குப் போ. அக்காகிட்ட, என் குரல்ல, 'போய்ட்டு வாம்மா'னு சொல்லிடு. எனக்கு அது வராது."