ஒன்பதாவது படி

ஒன்பதாவது படியை, ஒரு பாதிரியாரைப் போலக் குரலை மாற்றிக்கொண்டு, மரயா உரக்கப் படித்தாள்.

"‘இப்போது திரை கறுத்துவிடும். பயப்படாதீர்கள். நீங்கள் எதையும் கெடுத்துவிடவில்லை. போய் ஒரு தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள்.’"

டனீடின் நகரத் தேவாலயக் கூடத்தில், மடிக்கணினிகளோடு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்கம்மாகூட என்னை இப்படிப் பாத்துக்கிட்டதில்லப்பா," என்றான் டங்கன்.

கடற்கரையில் பென்குவின்களை எண்ணும் தொண்டர்களுக்காக இவர்கள் சம்பளமில்லாமல் எழுதும் இலவச மென்பொருள் அது. அதை நிறுவச் சொல்லித்தரும் பக்கத்தில் பதினான்கு படிகள் இருந்தன.

இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். திரை கறுப்பதே இல்லை. தேவையற்றுப் போன மற்ற படிகளை நீக்கத்தான் இந்தச் சனிக்கிழமைக் கூட்டம்.

சமையலறையிலிருந்து சீஸ் ரோல் தட்டோடு கிரேம் ஸ்ப்ரோல் வந்தார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மென்பொருள் தொடங்கிய நாளிலிருந்து கூட இருப்பவர்.

அவரும் சிரித்தார். "தூக்கிரும்மா. இனி அது யாருக்கும் வேணாம்."

மரயா தூக்கினாள். நீக்கியதற்கான காரணத்தை எழுத வேண்டிய இடத்தில், "பச்சைக் குழந்தைகளுக்கான தாலாட்டு நீக்கப்பட்டது" என்று எழுதி அனுப்பினாள்.

டங்கன் கைதட்டினான்.

அனுப்பிய காரணத்தை அப்புறம் திருத்தவோ அழிக்கவோ கூடாது என்பது அவர்கள் விதி. எழுதியவர் பெயரோடு அது மென்பொருளின் மாற்ற வரலாற்றில் இருந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நீக்கிய வரிகளை முதலில் எழுதியவருக்குப் பெயர் சொல்லி நன்றி சொல்லாமல் புதிய பதிப்பை வெளியிடுவதில்லை.

ஒன்பதாவது படியை எழுதியது யார் என்று மரயா பழைய வரலாற்றில் தேடினாள்.

பதினொரு வருடங்களுக்கு முந்தைய ஓர் ஆகஸ்ட் மாலை, ஆறு மணி பத்து நிமிடம். எழுதியவர் கிரேம்.

கீழே அவர் எழுதிய காரணம்:

"ஒரு பெண் இன்று கடிதம் போட்டிருக்கிறாள். ‘எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள், இனி இதைத் தொடவே மாட்டேன்’ என்று. அவள் எதையும் கெடுக்கவில்லை. திரை கறுக்கும் என்று நாம்தான் முன்கூட்டிச் சொல்லவில்லை. இங்கே எழுதுவது அழியாது என்பதால் அவள் பெயரை எழுதவில்லை."

மரயா அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. தன் பழைய அஞ்சல்களைத் திறந்தாள்.

அதே நாள். ஆறு பன்னிரண்டு. அவள் போட்ட கடிதத்துக்குப் பதிலாகக் கிரேமிடமிருந்து ஒரே வரி: "ஒன்பதாவது படியைப் பாருங்கள்."

பத்தொன்பது வயதில், மொயராகி ஊர் வீட்டில், அப்பாவின் கணினி முன்னால் அழுதுகொண்டே அதைப் பார்த்தாள். அவசரத்தில் படிக்காமல் விட்டுவிட்டோம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

அவள் படிக்காமல் விடவில்லை. அந்த அஞ்சல் வருவதற்கு இரண்டு நிமிடம் முன்புவரை அந்தப் படியே இல்லை.

மேசையில் யாரோ இன்னும் தாலாட்டு என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் காது மடல் எரிந்தது. அவள் பெயரை மறைத்து வைத்தவரின் வரிக்குமேல் தன் கேலி, தன் பெயரோடு, அழியாமல் உட்கார்ந்திருந்தது.

எழுந்து சமையலறைக்குப் போனாள்.

கிரேம் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் துண்டை எடுத்து ஒரு தட்டைத் துடைத்தாள். அதையே மறுபடியும் துடைத்தாள்.

"கிரேம், நான் அங்க எழுதினது..."



அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கெட்டிலில் தண்ணீர் பிடித்துச் சுவிட்சைத் தட்டினார். இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தார்.

"நீ எதையும் கெடுத்துரல மரயா," என்றார். "அன்னிக்கும்தான்."