இரண்டு ஜனாதிபதிகளும் மாடி அறையும்

"அந்தப் புள்ளைய அறையக் காலி பண்ணச் சொல்லிடு, கமலம். நான் சொன்னா நல்லா இருக்காது."

மோகனராஜ் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார். மாநகரசபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சட்டப்படி செய்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

அந்தப் புள்ளை, இனேஸ். தென்னமெரிக்காவிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவள். குண்டசாலையில் இவர்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறாள். கமலத்தோடு உட்கார்ந்து சம்பல் இடிக்கிற அளவுக்கு ஒட்டிவிட்டாள்.

அவள் நாட்டில் தேர்தல் முடிந்து, இரண்டு பேர் நான்தான் ஜனாதிபதி என்று பதவியேற்றுவிட்டார்கள். பாதி உலகம் இவரை ஏற்றுக்கொண்டது, மீதி அவரை. இனேஸின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக் கொடுத்தது ஒருவருடைய தூதரகம். நம் இலங்கை அரசாங்கம் ஏற்றுக்கொண்டதோ மற்றவரை. அதனால் அந்தப் பாஸ்போர்ட் இங்கே செல்லுமா என்பதே சந்தேகமாகிவிட்டது.

"விசா கந்தோர்லதான், மேல கேட்டுச் சொல்றோம், அதுவரைக்கும் இருன்னு சொல்லிட்டாங்களே" என்றாள் கமலம்.

"வாயாலதானே சொன்னாங்க? நாளைக்குப் பொலிஸ் வந்தா நான்தானே பதில் சொல்லணும்."

"அந்த ரெண்டு பேர்ல யாருக்கு இவ ஓட்டுப் போட்டாளாம்?"

"யாருக்கும் இல்ல. இங்கதானே இருந்தா."

"அப்ப இவ என்ன குத்தம் செஞ்சா?"

"குத்தம்னு யாரு சொன்னா? பாவந்தான். அதுக்காக வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்டு, அப்புறம் குத்துது குடையுதுன்னு அழச் சொல்றியா?"

"எனக்கு வாய் வராது. நீங்களே சொல்லிக்குங்க" என்று கமலம் சமையலறைக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் இனேஸ் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை நிறைய ரம்புட்டான்.

"ஆன்ட்டிக்குப் பிடிக்கும்" என்று மேசையில் வைத்தாள்.

மோகனராஜ் தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். சட்டம், பொலிஸ், வயசான காலம் என்று என்னென்னவோ சொன்னார். அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை.

இனேஸ் சண்டை பிடிக்கவில்லை. பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகச் சொன்னாள்.

"அங்கிள், எங்க நாட்டுல அந்த ரெண்டு பேருமே நான் அவங்க ஆளுன்னுதான் சொல்றாங்க. வெளியிலதான் யாரும் ஒத்துக்கல. பரவாயில்ல, சிநேகிதி வீட்டுல கேட்டுப் பார்க்கிறேன்."

சிறிது நேரத்தில் சூட்கேசோடு கீழே வந்தாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக்கூடாது என்று கமலம் அவளுக்குப் பழக்கியிருந்தாள்.

"போயிட்டு வர்றேன், அங்கிள்."

போயிட்டு வா என்று சொல்ல மோகனராஜுக்கு நா எழவில்லை. எந்த முகத்தோடு வா என்று சொல்வது?

கமலம் சமையலறையிலிருந்து வந்தாள். இனேஸின் கையிலிருந்த சூட்கேசை வாங்கிச் சுவரோரமாக வைத்தாள்.

"சோறு போட்டு வச்சிருக்கேன். போய் உக்காந்து சாப்பிடு."

இனேஸ் அவரைப் பார்த்தாள், கமலத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

மோகனராஜ் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எந்த நாட்டு ஆள வச்சிருக்கீங்கன்னு பொலிஸ் கேட்டா என்ன சொல்றது?"

கமலமும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

"நீங்க என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒங்களுக்கு இன்னும் பிரஜாவுரிமை கெடைக்கல; இந்தியாவும் ஒங்கள எங்க ஆளு இல்லன்னுச்சு, இலங்கையும் எங்க ஆளு இல்லன்னுச்சு. நாடே இல்லாதவனுக்கா பொண்ணு குடுக்கப் போறன்னு சொந்தக்காரங்க எல்லாம் எங்கப்பாவைக் கேட்டாங்க. அவரு ஒங்ககிட்ட ஒண்ணுமே கேக்கல. உள்ள வந்து எங்கம்மாகிட்டதான் சொன்னாரு, 'பையன் கலஹா தேயிலைத் தோட்டத்துலருந்து பசியோட வந்திருக்கான், மொதல்ல சோத்தப் போடு'ன்னு."