கப்டன் வராத கதைகள்

"கப்டனை எங்க ஒளிச்சு வச்சிருக்கிறீங்க, மாஸ்டர்?"

வாசகர் கூட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தையல்கார ஹயாத்து முகம்மது எழுந்து நின்றுவிட்டார். கையில் இந்த மாத 'உப்புக்காற்று'. கரைத்தீவு அகதி முகாமில் றோணியோ இயந்திரத்தில் பிரதி எடுத்து, வீடு வீடாகக் கொடுக்கும் சஞ்சிகை.

"இது எட்டாவது கிளைக்கதை. தண்ணி பவுசர் லொறி ஓட்டுற ஸகீனா வாறா. நண்டு பிடிக்கிற இயந்திரம் வருது. எல்லாம் புது ஆக்கள். கப்டன் ஆதவன்ட கப்பல் மட்டும் வானத்தில ஒரு புள்ளியாப் போகுது. அவ்வளவுதான்!"

"ஸகீனா நல்ல பிள்ளைதானே, நானா," என்றாள் சஞ்சிகைக்கு ஸ்டென்சில் வெட்டும் ஹாஜரா. முகாமில் எல்லோருக்கும் ஹயாத்து 'நானா', அதாவது அண்ணன்.

"நான் அவவை வேணாமெண்டு சொல்லேல்ல. ஆனா கிளை எண்டா மரத்தில இருந்துதானே வரவேணும்? மரம் எங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். கதை எழுதும் சுஹைர் மாஸ்டர் மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மரம் எது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் சுஹைர் மாஸ்டரும், அவரோடு படிப்பித்த விநாயகமூர்த்தி மாஸ்டரும் சேர்ந்து ஒரு மாத இதழில் எழுதிய விண்வெளித் தொடர். இருபத்துமூன்று பகுதிகள் வந்தன. கடைசிப் பகுதியில் கப்டன் தன் ஆட்களை ஒரு மணல் கிரகத்தில் இறக்கிவிட்டு, கப்பலோடு மேலே தனியே நின்றார்.

அடுத்த பகுதி வருவதற்குள் தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் வந்துவிட்டது. ஆயுத இயக்கத்தின் கட்டளைப்படி ஊர் முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற வேண்டியிருந்தது. தமிழரான மூர்த்தி மாஸ்டர் அங்கேயே இருந்தார்.

பன்னிரண்டு வருடமாகக் கப்டன் மேலேயே நிற்கிறார்.

"நாங்க மணல்ல கிடக்கிறது போதும். அந்த மனுசனையாவது இறக்குங்கோவன்," என்றார் ஹயாத்து.

"இப்ப ஏலாது, நானா."

"ஏன் ஏலாது?"

சுஹைர் மாஸ்டர் மறுபடி செருப்பைப் பார்த்தார். ஹயாத்தின் குரல் மாறியது.

"எனக்கு விளங்குது, மாஸ்டர். ஆதவன் தமிழ்ப் பேர். உங்கட கூட்டாளி வச்ச பேர். எங்கள அனுப்பின கோவத்தில நீங்க அந்தாளைக் கதையில இருந்து அனுப்பிட்டீங்க."

கிடுகு வேய்ந்த கொட்டிலின் பின்வரிசையில் இருந்து யாரோ சொன்னார்கள்: "அனுப்பினா என்ன பிழை?"

இரண்டு மூன்று தலைகள் ஆடின. சுஹைர் மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

சஞ்சிகை ஆசிரியர் ஹாசிம் தொண்டையைச் செருமினார். "மாஸ்டர், அடுத்த இதழில கப்டன் வரவேணும். இல்லாட்டி உங்கட ஆறு பக்கத்தையும் வேற ஆளுக்குக் குடுக்கவேண்டி வரும்."

ஊரைவிட்டு வந்தபின் அவர் எழுத உட்கார்ந்ததே இந்த எட்டு மாதமாகத்தான். அது ஹாசிமுக்கும் தெரியும்.

"குடுங்க," என்றார் சுஹைர் மாஸ்டர், கண்ணாடியைக் கழற்றி மடித்தபடி.

போர் நிறுத்தி, சமாதானம் பேசி, வடக்குப் பாதை திறந்திருந்த நேரம் அது. ஹயாத்து தன் பழைய வீட்டைப் பார்க்க அடுத்த வாரம் யாழ்ப்பாணம் போக இருந்தார்.

"நான் மூர்த்தி மாஸ்டரிட்டயே போறன்," என்றார் அவர். "அவரிட்ட எழுதி வாங்கிக்கொண்டு வாறன், பாருங்க!"

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஹயாத்துதான் முதலில் வந்தார். கையில் தடித்த கொப்பி ஒன்று.

"வீடு எப்பிடி, நானா?" என்றாள் ஹாஜரா.

"கூரை இல்ல. கிணறு இருக்கு. தண்ணி நல்லம்."

"மூர்த்தி மாஸ்டர்?" ஹாசிம் அவசரப்பட்டார்.

"சுகமா இருக்கிறார். அவரும் எழுதியிருக்கிறார். இந்தக் கொப்பி முழுக்கக் கதை. பதினொண்டு."

"அப்ப கப்டன்?"

"ஒண்டிலயும் இல்ல. எல்லாம் புது ஆக்கள். கப்பல் மட்டும் புள்ளியாப் போகுது."

சுஹைர் மாஸ்டர் தன்னை அறியாமல் எழுந்துவிட்டார்.

"நீங்களுமா எண்டு நான் சத்தம் போட்டன். சிரிக்கிறார் மனுசன். ரெண்டு பேருக்கும் அந்தக் காலத்திலயே ஒரு பேச்சாம். ஒரு பகுதி இவர், அடுத்த பகுதி அவர். மற்றவர்ட முறையில கப்டனைத் தொடக்கூடாது. கடைசிப் பகுதி எழுதினது நம்மட மாஸ்டராம். 'பிறகு அவன் எப்பிடி எழுதுவான்? அது என்ர முறையல்லோ' எண்டார்."

"அப்ப அவராவது எழுதியிருக்கலாமே?"

"அதையும் கேட்டன். 'நான் எழுதினா அடுத்தது சுஹைரின்ர முறை. ஆளை அனுப்பிப்போட்டு, முறையை மட்டும் வச்சு நான் என்ன செய்ய?' எண்டார்."

ஹயாத்து சுஹைர் மாஸ்டரின் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், போன மாசம் நான் கதைச்சது..."

"விடுங்க, நானா. நீங்க சண்டை பிடிக்காட்டி இந்தக் கொப்பி எனக்கு எங்கால வாறது?"

"கடைசிப் பக்கத்தைப் பாருங்க. நான் வெளிக்கிடேக்க, என்னை வாசல்ல நிப்பாட்டி வச்சு எழுதினவர்."

சுஹைர் மாஸ்டர் கொப்பியைத் திறந்தார். 'பகுதி இருபத்துநான்கு' என்று தலைப்பு. வாசிக்க முயன்றார், முடியவில்லை. ஹாஜராவிடம் நீட்டினார்.

அவள் எல்லோருக்கும் கேட்க வாசித்தாள்.

"கப்டன் ஆதவன் கப்பலை மணலில் இறக்கினார். கதவை அகலத் திறந்துவிட்டு, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், சுஹைர். இனி உன்ர முறை. தபாலில போடாத. வந்து எழுது."