டின்னில் இருந்த நந்தியாவட்டை

டிரான்ஸ்ஃபர் ஆர்டரோடு தீவிலிருந்த ஜங்லிகாட் குவார்ட்டர்ஸுக்கு ஓடிவந்தார் பக்தவத்சலம்.

மனைவி மரகதத்தின் கையெல்லாம் சேறு. பதினோரு வருஷம் டின்னிலேயே வளர்த்த நந்தியாவட்டையை, சுருண்ட வேரை நறுக்கி, கிளைகளைக் கழித்து, வாசலில் நட்டிருந்தாள்.

“அவசரக்குடுக்கை! ஊருக்குத் தூக்கிட்டுப் போகணும்னு தரையில வைக்கவே விடமாட்டியே? மெட்ராசுக்கு ஆர்டர் வந்தாச்சு. வெள்ளிக்கிழமை கப்பல். சலோ, பிடுங்கு அதை!”

“இப்பதான் மழை ஆரம்பிச்சிருக்கு. வேர் பிடிக்கிறவரைக்கும் அசைக்கக் கூடாதுங்க.”

“ஆர்டர் வந்தாச்சுங்கறேன்!”

“தெரியும். காலையிலேயே உங்க ஆபீஸ் பியூன் சொல்லிட்டார். அப்புறம்தான் நட்டேன்.”

“ஊருக்குப் போகணும்னு அழுதது நீதானே?”

“பத்து வருஷம் அழுதேன். இந்த வருஷம் அழுதேனா? டிரான்ஸ்ஃபருக்கு மனு போடறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”