ஒரு புல் கூட மிதிபடாது

“ஐயோ, என் நிலத்தைத் துவம்சம் பண்ணிட்டாங்களே!” என்று வாசலில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டார் அந்த அம்மா. குச்சியோடு சேர்த்துப் பூ முடிச்சாக அழகாகக் கட்டியிருந்த தக்காளிச் செடிகளுக்கு நடுவே முந்நூறு பேர், மார்பில் எண் அட்டையோடு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்கள்.

கடலோர மலைகளில் ஏறி இறங்கி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வந்த மாரத்தான் கூட்டம் அது. ஆறாவது கிலோமீட்டரில் இடது பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்திருக்க வேண்டியவர்கள், வலது பக்கம் ஏறி வந்து கோழிக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சு ரிப்பன் எங்கே கட்டியிருக்கிறதோ அங்கே ஓட வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. கிணற்றுக்குள் கட்டியிருந்தாலும் இறங்கியிருப்பார்கள்.

போட்டியை நடத்தும் ‘கேப்டன்’ கீழே தார் ரோட்டிலிருந்து ஓடி வந்தார். எந்த அணிக்கும் அவர் கேப்டனாக இருந்ததில்லை. கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் வந்த பட்டம் அது.

போன மாதம் இதே சரிவில் ஏறி வர அவருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. ஏற்றம் ஒன்றும் பெரிதில்லை. ஆள் உயரப் புல்லும் முள்ளும் சேர்ந்து அவருடைய பேன்ட்டை இரண்டு இடத்தில் கிழித்து அனுப்பின. நிலத்தின் கீழ் ஓரமாக ஓட்டம் போவதற்கு அனுமதி கேட்டு வந்திருந்தார்.

“தாராளமாப் போங்க. நீங்க பெரிய இடமெல்லாம் பழகினவங்க. இந்தப் புதரை வெட்டி, ரோடு வரைக்கும் ஒரு வழி போடச் சொல்லுங்களேன்,” என்று அன்றைக்கு அந்த அம்மா கேட்டார். “கலெக்டர் ஆபீஸுக்குப் பதினேழு மனு போட்டாச்சு. வீட்டுக்காரர் விழுந்து, நடக்க முடியாமப் போய் மூணு வருஷம் ஆகுது. ஆஸ்பத்திரியில இருந்து நாலு பேர் தூக்கிட்டு வந்து போட்டதுதான். இன்னும் கீழ இறங்கல.”

கேப்டனுக்கு மனசு இளகிவிட்டது, புல்லுக்காக. “இயற்கையை வெட்டலாமாம்மா? இந்தப் பச்சையைப் பார்க்கத்தானே நாங்க இவ்ளோ தூரம் வர்றோம்!” என்றவர், ஓட்டத்தில் ஒரு புல் கூட மிதிபடாது என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதை யாரும் அவரிடம் கேட்கவே இல்லை.

அந்தக் காகிதம்தான் இப்போது அந்த அம்மாவின் கையில் ஆடியது. “இதை எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போகட்டுமா?”

போனால் போட்டிக்கான உரிமம் ரத்து. பத்து வருடமாக மேடை மேடையாக மரம் செடி பற்றிப் பேசிச் சேர்த்த மானம் கப்பலேறிவிடும்.

“கால்ல வேணும்னாலும் விழறேம்மா. எங்க பசங்க ரிப்பனைத் தப்பாக் கட்டிட்டாங்க.” கையோடு பிய்த்து வந்த ஒரு ரிப்பனை நீட்டினார். “பாருங்க, பூ முடிச்சு! நான் எப்பவும் இறுக்கி ரெட்டை முடிச்சுதான் போடச் சொல்வேன். எந்தக் கழுதை கட்டினதோ!”

திருப்பத்தில் நின்று வழிகாட்ட வேண்டிய தொண்டர் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டம் திரும்பிய நேரத்தில் அவர் கடலைப் பின்னணியாக வைத்துத் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“நஷ்ட ஈடு எவ்வளவுன்னு சொல்லுங்கம்மா.”

“எனக்கு எதுவும் வேணாம். வந்த வழியாவே எல்லாரையும் இறக்கிடுங்க. வேற பக்கம் கால் வைக்கக் கூடாது.”

“கண்டிப்பா!”

“ஒத்தை வரிசையாவும் போகாதீங்க. ஒரே இடம் பள்ளமாயிட்டா மழையில மண்ணு அரிச்சிடும். நாலு நாலு பேரா, நல்லா அழுத்தி மிதிச்சு நிதானமாப் போகட்டும். கால்ல குத்துற முள்ளை ஓரமாத் தூக்கிப் போட்டுட்டுப் போகச் சொல்லுங்க, பின்னாடி வர்றவங்க பாவம்.”

கேப்டன் உருகிப்போனார். “பார்த்தீங்களா? மண்ணை நேசிக்கிறதுன்னா இதுதான்!” என்று ஓட்டக்காரர்களுக்கு அங்கேயே ஐந்து நிமிடம் சொற்பொழிவும் ஆற்றினார். ஏற்கெனவே நொந்துபோயிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

நாலு நாலு பேராக முந்நூறு பேரும் இறங்கினார்கள். கேப்டன் விசிலால் தாளம் போட்டார். முள் பொறுக்கியவர்கள் சிலர் கையைச் சப்பிக்கொண்டே போனார்கள். புகார் கொடுப்பதில்லை என்று அந்த அம்மா பெரிய மனதோடு சொல்ல, கடைசியாகக் கேப்டனும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

விசில் சத்தம் தேய்ந்ததும் அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், சக்கர நாற்காலியை வாசலுக்குத் தள்ளி வந்தார். அதில் உட்கார்ந்திருந்த கணவர் சரிவைப் பார்த்தார். ரோடு வரைக்கும், நாற்காலியும் பக்கத்தில் ஓர் ஆளும் போகிற அகலத்தில் தரை மட்டமாகக் கிடந்தது. மூன்று வருடத்தில் முதல்முறையாகச் சிரித்தார்; கண்ணும் கலங்கிவிட்டது.

“பிரேக்கை எடு, போகலாம்,” என்றவர், போர்வைக்குள்ளிருந்து ஆரஞ்சு நிறச் சுருள் ஒன்றை வெளியே எடுத்தார். “இந்த மிச்சத்தை என்ன பண்றது?”

“பத்திரமா வைங்க. அடுத்த வருஷம் கிணத்துக்கு வழி போடணும்.”