கதவு வைத்த சிலந்தி

மண்ணுக்குள் வளை தோண்டி, வாசலுக்கு ஒரு கதவும் வைத்துக்கொள்ளும் ஆதிகாலச் சிலந்தி. உலகத்துக்கே புதிய இனம். மூன்று வருடம் முட்டி தேய மண்ணில் தவழ்ந்து அதைக் கண்டுபிடித்ததும், அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வரிக்கு வரி எழுதியதும் ஆய்வக உதவியாளர்தான்.

இயக்குநர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். எழுதியவர்கள் வரிசையில் இருந்த அவள் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை மட்டும் விட்டுவைத்தார்.

"மண்ணு தோண்டினவங்க பேரையெல்லாம் கட்டுரையில போட முடியாதும்மா."

"சரி சார்."

"சிலந்திக்கு என்ன பேரு?"

"இன்னும் வைக்கல சார்."

"நீயே எதையாவது வெச்சு அனுப்பிடு."

அனுப்பினாள்.

கட்டுரை அச்சான இதழ் வந்த அன்று இயக்குநர் அவள் மேசைக்கே வந்து கத்தினார்.

"என்ன திமிரு உனக்கு! சிலந்திக்கு உன் பேரையே வெச்சிருக்கே? கட்டுரை எழுதறவங்க தங்களோட பேரையே வெச்சுக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும் சார். ஆனா எழுதினது நான் இல்லையே. நீங்க எழுதினீங்க, நீங்களே என் பேரை வெச்சீங்க. அச்சுல வந்துடுச்சு. இனிமே இந்தப் பேரை யாராலயும் அடிக்க முடியாது."