கால் நீட்டும் பக்கம்

ஜவுளிக்கடை, நகைக்கடை, சீட்டுக் கம்பெனி என்று யார் அனுப்பும் விளம்பரத் தாளிலும் தலைப்பில் ஒரு சாமி இருந்தது. சாமி படம் போட்ட தாளைக் குப்பையில் போட அம்மா விடமாட்டாள். எடைக்குப் போடவும் விடமாட்டாள். அதனால் தமயந்தி மாலை வகுப்பு முடிந்து வந்ததும் சாமியை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டு மீதியைப் பழைய பேப்பர் கடைக்குக் கட்டி வைத்தாள். செய்வது சரிதானா என்று நடுநடுவே கத்தரிக்கோலை நிறுத்தி யோசித்தாள். தாள் குறைந்தது, சாமிகள் குறையவில்லை. மேற்குச் சுவரோரம் ஓர் அட்டைப்பெட்டி நிரம்பியது, பிறகு கிழக்கே, பிறகு தெற்கே. சாமி இருக்கும் பக்கம் கால் நீட்டக் கூடாதென்று, அந்த ஒற்றை அறையில் அம்மாவின் பாய் திரும்பித் திரும்பிக் கடைசியில் வாசலைப் பார்த்து நின்றது.

"ஆத்துல விட்டுடலாமாம்மா?"

"தண்ணி எங்கடி ஓடுது? மணல்லயா கொட்டுவ?" என்று அம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டாள்.

தமயந்தி நகைக்கடைக்கே போய்த் தங்கள் முகவரியை நீக்கச் சொன்னாள். கல்லாவில் இருந்தவர் உடனே நீக்கிவிட்டார். "இனிமே ஒண்ணும் வராதும்மா. அதுக்காக வெறுங்கையோட போகலாமா?" என்று பெரிய காலண்டர் ஒன்றைச் சுருட்டி நீட்டினார். சாமியை எப்படி வேண்டாம் என்பது?

சுருளோடு அவள் வாசலில் வந்து நின்றபோது அம்மா அந்தப் பக்கம் கால் நீட்டிப் படுத்திருந்தாள்.

"எந்த சாமிடி?"

அவள் பதில் சொல்வதற்குள், அம்மா இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து, மெல்ல மடக்கிக்கொண்டாள்.